அலிகியேரி: அரிதாகிப்போன ஓர் இத்தாலியக் குடும்பப்பெயரைத் தேடிப் போகிறவர்களுக்கு

இத்தாலியக் குடும்பப்பெயர் ஒன்றின் பூர்விகத்தைத் தேடப் போனால் காசும் காலமும் எந்தெந்த இடத்தில் கரையும் என்று முன்கூட்டிச் சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். தேடிய பெயர் அலிகியேரி. இத்தாலிய மகாகவி தாந்தேயின் பெயரில் இரண்டாவதாக வருவது. தேடுபொறியில் தட்டியதும் முடிவுகள் வந்து கொட்டும். சந்தோஷப்படாதீர்கள். முக்கால்வாசி தெருப்பெயர்கள். இத்தாலியில் தாந்தே பெயரில் தெரு இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மீதியில் பள்ளிக்கூடங்கள், 1889-இல் தொடங்கிய தாந்தே அலிகியேரி சங்கத்தின் கிளைகள், உணவு விடுதிகள். அந்தப் பெயரைச் சுமக்கும் மனிதர்கள் இந்தக் குவியலுக்கு அடியில் எங்கோ இருக்கிறார்கள். வியா (தெரு), பியாட்சா (சதுக்கம்), லிச்சேயோ (மேல்நிலைப் பள்ளி), ஸ்குவோலா (பள்ளி) என்ற நான்கு இத்தாலியச் சொற்களையும் கழித்தல் குறி போட்டு விலக்கிவிட்டுத் தேடுங்கள். குப்பை பாதிக்கு மேல் குறையும். தாந்தே என்ற சொல்லையும் விலக்கினால்தான் மனிதர்கள் கண்ணில் படுவார்கள்.

இந்தப் பெயரின் பிறப்பு ஐரோப்பியர்களை விட நமக்குச் சட்டென்று புரியும். நம் ஊரில் அப்பா பெயரை முன்னெழுத்தாகப் போட்டுக்கொள்கிறோம்; அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். 12-ஆம் நூற்றாண்டு பிளாரன்சிலும் கிட்டத்தட்ட அதே வழக்கம்தான். இன்னார் மகன் இன்னார் என்றே பத்திரங்கள் எழுதப்பட்டன. தாந்தேயின் அப்பா அலிகியேரோ, அவர் அப்பா பெல்லிஞ்சியோனே, அவர் அப்பா இன்னோர் அலிகியேரோ, அவருக்கும் அப்பா கச்சாகுயிதா. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் பழக்கம் அங்கேயும் இருந்ததால் அலிகியேரோ என்ற ஆண் பெயர் ஒரு தலைமுறை விட்டு மறுபடி வந்தது. ஓரிடத்தில் அந்த முன்னெழுத்து மாறாமல் உறைந்துபோனது. அலிகியேரோவின் வழியினர் எல்லோருக்கும் அலிகியேரி என்று பெயராயிற்று. இத்தாலியக் குடும்பப்பெயர்களில் கணிசமான பங்கு இப்படித் தகப்பன் பெயரிலிருந்து வந்தது. கடைசியில் வரும் இகரம் பன்மையைக் காட்டுகிறது. அதனால் ஒரு பெயர் இகரத்தில் முடிந்தால், அதை ஓகாரமாக மாற்றி, அப்படி ஒரு பழைய ஆண் பெயர் இருந்ததா என்று பாருங்கள். அகராதியைப் புரட்டி இதற்கு அர்த்தம் என்ன என்று ஆரம்பிப்பது அதற்கு அப்புறம்.

குடும்பத்தில் சொல்லிவரும் கதைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கும் இந்தக் குடும்பமே சாட்சி. தன் பெயர் வந்த கதையைத் தாந்தே தானே எழுதியிருக்கிறார். ‘தெய்வீக நாடகம்’ என்ற அவர் காவியத்தின் சொர்க்கப் பகுதியில், 15-ஆவது காண்டத்தில் கச்சாகுயிதா தோன்றி, தன் மனைவி போ ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவள், உன் குடும்பப்பெயர் அவளால் வந்தது என்கிறார். தன் மகன் அலிகியேரோ நூறு ஆண்டுக்கும் மேலாகக் இறந்தவர்கள் பாவம் தீர்க்கும் கழுவாய் மலையின் முதல் தளத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதாகவும் சொல்கிறார். கவிதை நடப்பது 1300-இல். அப்படியென்றால் அலிகியேரோ 1200-க்கு முன்பே இறந்திருக்க வேண்டும். ஆனால் 1201-இல் எழுதப்பட்ட ஒரு பத்திரத்தில் அவர் உயிரோடு இருக்கிறார். தாந்தேக்கே கொள்ளுத்தாத்தா இறந்த ஆண்டு சரியாகத் தெரியவில்லை. அதே அலிகியேரோ வேறொரு பத்திரத்திலும் வருகிறார். 1189 டிசம்பரில் அவரும் அவர் சகோதரர் பிரெய்தெனித்தோவும், சான் மார்த்தினோ கோவில் சுவரை ஒட்டி வளர்ந்த அத்தி மரத்தை வெட்டிவிடுவதாகப் பாதிரியாருக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். மகாகவியின் வம்சம் ஆவணத்தில் தலைகாட்டுவது அக்கம்பக்கத்து மரத் தகராறில்! எனக்கு இந்தத் தேடலில் மிகவும் பிடித்த தாள் இதுதான். பெரிய வரலாற்று நூல்களை விடக் கோவில், நிலம், கடன், உயில் பற்றிய சில்லறைப் பத்திரங்களில்தான் குடும்பப்பெயர்கள் சிக்கும் என்பதை அது நன்றாகக் காட்டிவிடுகிறது.

அந்தப் பெண் போ பள்ளத்தாக்கில் எந்த ஊர் என்பதில்தான் இழுபறி. 14-ஆம் நூற்றாண்டு இத்தாலிய எழுத்தாளர் போக்காச்சோ எழுதிய தாந்தே வாழ்க்கை வரலாறு, அவள் பெர்ராராவின் அல்திகியேரி குடும்பத்துப் பெண் என்கிறது. மகனுக்குத் தன் வீட்டுப் பெயரை வைத்தாள், பிறகு நடுவில் இருந்த தகர ஒலி தேய்ந்து அலிகியேரி ஆயிற்று என்பது அவர் விளக்கம். இத்தாலியின் பார்மா நகர் என்று சொல்கிறவர்களும் உண்டு. மூலப்பெயர் ஜெர்மானியத்திலிருந்து வந்தது என்பதில் தகராறு இல்லை. தேடுகிறவருக்கு இங்கே முக்கியமானது வேறு: எழுத்து மாறும். அலாகியேரி, அல்லிகியேரி, அல்திகியேரி, அல்தெகெரி, லத்தீனில் அலாகேரியி, அலிஜெரி என்று பத்திரத்துக்குப் பத்திரம் வேறு வேறாக நிற்கும். தேடும் முன்பே இந்த வடிவங்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இரட்டை மெய் ஒற்றையாகும், சொல் முதலில் வரும் உயிர் உதிரும், தகரம் வரும் போகும். தமிழில் எழுதி வைத்துக்கொண்டு தேடுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி: நம் ககரம் அவர்களின் மூன்று நான்கு எழுத்துக் கூட்டுகளுக்குப் பொது. குறிப்பேட்டில் இத்தாலிய எழுத்தை அப்படியே பார்த்து வரைந்து வையுங்கள். ஒலியை நம்பிப் பிறகு திருப்பி எழுதினால் வேறு குடும்பத்துக்குப் போய்விடுவீர்கள்.

இவ்வளவு புகழ்பெற்ற பெயர் ஏன் அரிதானது? தாந்தே 1302-இல் நாடுகடத்தப்பட்டார். அவர் மகன் பியெத்ரோ வட இத்தாலியின் வெரோனா நகரில் நீதிபதியாகி, 1353-இல் அருகே வல்போலிசெல்லாவின் கார்கன்யாகோவில் நிலம் வாங்கினார். குடும்பம் அங்கே வேர்விட்டது. ஆனால் கிளை ஒல்லியானது; தலைமுறைக்கு ஓரிரு ஆண்கள்தான். 16-ஆம் நூற்றாண்டில் ஆண் வழி தீர்ந்துபோனது. ஜினெவ்ரா அலிகியேரி என்ற பெண் 1549-இல் மார்க்கந்தோனியோ செரேகோவை மணந்தார். ஜினெவ்ராவின் சிற்றப்பா பிரான்செஸ்கோ, சொத்தை ஜினெவ்ராவின் மகனுக்கு எழுதும்போது அலிகியேரி என்ற பெயரையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். செரேகோ அலிகியேரி என்ற இரட்டைப் பெயர் அப்படி வந்தது. அந்தக் குடும்பம் இன்றும் அதே நிலத்தோடு தொடர்பில் இருக்கிறது, அங்கே விளையும் ஒயினுக்கும் அதே பெயர். அரிய பெயரைத் தேடும்போது இரட்டைப் பெயர்களை ஒதுக்காதீர்கள். தீர்ந்துபோன ஒரு பெயர் இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கலாம். அதற்குக் காரணமான உயில் நோட்டரி ஆவணங்களில் கிடக்கும். இன்னொரு விஷயம்: இத்தாலியப் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருப்பார்கள். பெண் வழியைத் தொடர இது பெரிய வசதி. ஆனால் அண்மைக்காலம் வரை பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர் மட்டும்தான் போகும். 2022-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தந்த 131-ஆம் எண் தீர்ப்புக்குப் பிறகுதான், பெற்றோர் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாவிட்டால், இருவர் பெயரும் பிள்ளைக்குச் சேரும். மகன் இல்லாத வீட்டோடு பெயரும் அழிவது அதுவரை கணக்குப்படி நடக்கிற விஷயம்.

இப்போது காசு போகும் இடம். குடும்பச் சின்னமும் பெயர் வரலாறும் என்று படச்சட்டம் போட்டு அனுப்புகிறவர்கள் இணையத்தில் நிறைய. அனுப்பும் கூலியோடு ஐயாயிரம் ரூபாயைச் சுலபமாகத் தாண்டும். வருவது ஒரு கேடயப் படமும், எந்தப் பெயருக்கும் பொருந்துகிற மாதிரியான ஒரு பத்திக் கதையும். வயிறு எரியும். சின்னம் ஒரு குடும்பத்துக்கு உரியது, பெயருக்கு உரியதல்ல. ஒரே பெயர் உள்ள இரண்டு குடும்பங்களுக்கு இரண்டு சின்னம் இருக்கும். அலிகியேரிகளையே பாருங்கள். பிளாரன்சில் இருந்தபோது பொன்னும் கறுப்புமாக நெடுக்காகப் பிரித்த கேடயம், குறுக்கே வெள்ளிப் பட்டை. வெரோனாவுக்குப் போன பிறகு நீலத்தில் ஒரு பொன் சிறகு. லத்தீனில் அலிஜெர் என்றால் சிறகுடையவன்; பெயரின் ஒலியை வைத்து விளையாடிய சிலேடை அது. அதைப் பார்த்துவிட்டு, சிறகு என்பதிலிருந்துதான் பெயர் வந்தது என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பின்னால் வந்த சிலேடையை முன்னால் தூக்கிப் போடுவது குடும்பப்பெயர் ஆராய்ச்சியில் அடிக்கடி நடக்கும் கூத்து. 1948 அரசியல் சாசனத்துக்குப் பிறகு இத்தாலிய அரசு பிரபுப் பட்டங்களை அங்கீகரிப்பதில்லை. சின்னத்துக்குச் சான்று தரும் அரசு அலுவலகமும் கிடையாது. அதிகாரப்பூர்வ முத்திரை என்று யாராவது விற்றால் அது அவர்கள் வீட்டு முத்திரை.

இன்று அலிகியேரி என்ற ஒற்றைப் பெயரோடு இருப்பவர்கள் மிகச் சிலர். அவர்களைத் தாந்தேயின் வாரிசு என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. அலிகியேரோ என்ற ஆண் பெயர் இடைக்காலத்தில் பல ஊர்களில் இருந்தது. எந்த அலிகியேரோவின் பேரனுக்கும் இந்தப் பெயர் வாய்த்திருக்கலாம். ஆண் பெயராக அது இருபதாம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்தது; தூரினில் பிறந்த ஓவியர் அலிகியேரோ போயெத்தி ஓர் உதாரணம். அதனால் தேடல் முடிவில் வருவது முதற்பெயரா குடும்பப்பெயரா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இத்தாலிய அரசுப் பட்டியல்களில் குடும்பப்பெயர் முன்னால் வரும், இது நிறையப் பேரைக் குழப்பும். பெயர் பிடித்திருக்கிறது என்று இன்று யாரும் எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2000-ஆம் ஆண்டின் 396-ஆம் எண் குடியரசுத் தலைவர் ஆணை, வரலாற்றுச் சிறப்புள்ள பெயர்களையும் புகழ்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று ஏமாற்றக்கூடிய பெயர்களையும் பெயர்மாற்றத்தில் தரக்கூடாது என்கிறது. பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தைகளுக்கும் வரலாற்றுச் சிறப்புள்ள குடும்பப்பெயரைச் சூட்டக்கூடாது.

உண்மையில் வேலையை ஆரம்பிக்க வேண்டிய இடம் வரைபடம். குடும்பப்பெயர்கள் எந்த ஊர்களில் எத்தனை என்று காட்டும் இத்தாலிய இணைய வரைபடங்கள் இலவசம். பெரும்பாலும் பழைய தொலைபேசிப் பட்டியலை வைத்துச் செய்தவை; ஒரு வீட்டுக்கு ஒரு பெயர்தான் இருக்கும், எண்ணிக்கையைத் தலைக்கணக்காக எடுக்காதீர்கள். மிலான், தூரின், ரோம் ஆகிய மூன்றிலும் விழும் புள்ளிகளை முதலில் மறந்துவிடுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிழைப்புக்காக எல்லாரும் போய்ச் சேர்ந்த ஊர்கள் அவை. சிறு ஊர்கள் நாலைந்து பக்கத்துப் பக்கத்தில் கூடி நிற்கிறதா என்று பாருங்கள்; அரிய பெயருக்கு அந்தக் கூட்டம்தான் பூர்விகம். அலிகியேரிக்கு அப்படிக் கூட்டம் எதுவும் தென்படாது, சிதறிய புள்ளிகள்தான். ஆனால் அல்திகியேரி, அல்தெகெரி என்று மாற்றித் தட்டினால் வெரோனாப் பக்கம் திரண்டு நிற்கும். எழுத்து வேறுபாட்டுத் தாளை முதலிலேயே எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

ஊர் கிடைத்தால் பதிவேடு. இங்கே ஆண்டுகள் தெரியாமல் போனால் வாரக்கணக்கில் வெறும் பக்கங்களைப் புரட்டுவீர்கள். ஒன்றுபட்ட இத்தாலியின் குடிமைப் பதிவு 1866-இல் தொடங்குகிறது. வெரோனா இருக்கும் வெனெத்தோ பகுதியில் 1871-இல். அதற்கு முன் நெப்போலியன் காலத்துப் பதிவுகள் உண்டு: வடக்கே 1806 முதல், நேப்பிள்ஸ் அரசில் 1809 முதல். சிசிலியில் நெப்போலியன் காலத்துக்குப் பிறகுதான், 1820 முதல். நேப்பிள்ஸ் பக்கம் அது அறுபடாமல் தொடர்ந்தது. வெனெத்தோவில் 1815-க்குப் பிறகு ஆஸ்திரிய ஆட்சியில் பங்குப் பாதிரியாரே பதிவாளர். ஆகவே வெரோனாக் குடும்பத்துக்கு 1815 முதல் 1871 வரை நகராட்சியில் தேடிப் பயனில்லை, கோவிலுக்குத்தான் போக வேண்டும். அரசு ஆவணக் காப்பகங்களின் அந்தெனாத்தி இணையதளத்தில் பதிவேட்டுப் படங்கள் இலவசம். பெயரால் தேடும் வசதி ஒரு பகுதிக்குத்தான். மற்றதை ஊர், ஆண்டு, பிறப்பா இறப்பா என்று இறங்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான தொகுதிகளின் கடைசியில் அகரவரிசை இருக்கும். சில பழைய தொகுதிகளில் அது முதற்பெயர் வரிசை. குடும்பப்பெயர் அங்கே இல்லை என்று மூடிவைத்துவிடாதீர்கள். பத்தாண்டு அகரவரிசை இருந்தால் முதலில் அதைத் திறங்கள். திருமணப் பதிவோடு சேர்ந்த இணைப்புத் தாள்கள் பொக்கிஷம். மணமக்களின் பிறப்புச் சான்று, இறந்த பெற்றோரின் இறப்புச் சான்று, சில சமயம் தாத்தாவினுடையதும் அதில் இருக்கும். ஒரே கட்டில் மூன்று தலைமுறை. இராணுவத்துக்கு ஆள் எடுத்த பட்டியல்களும் அரிய பெயருக்கு நல்ல வழி, மாவட்டத்தின் ஆண்கள் எல்லோரும் பிறந்த ஆண்டு வாரியாக அதில் வந்துவிடுவார்கள்.

குடிமைப் பதிவு இல்லாத காலத்துக்குப் போனால் கோவில் ஏடுகள். 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் கட்டாயமாக்கியதால் 16-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஞானஸ்நானம், திருமணப் பதிவுகளை எதிர்பார்க்கலாம். பிளாரன்ஸ் ஒரு விதிவிலக்கு. நகர ஞானஸ்நான ஏடுகள் 1450 முதல் உள்ளன, பேராலய நிறுவனம் அவற்றைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. இந்த இடத்தில் அதிகம் பேர் வழுக்குவது எல்லையில்: இன்றைய மாகாணமும் அன்றைய மறைமாவட்டமும் (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி) ஒன்றல்ல. நமக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். வீரமாமுனிவர், அதாவது கொன்ஸ்தான்சோ பெஸ்கி, 1680-இல் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரேயில் பிறந்தவர். அந்த ஊர் இன்று மாந்தோவா மாகாணம். அன்று அது பிரேஷா மறைமாவட்டம். பெஸ்கி என்ற பெயரின் தடம் தேடுகிறவர் மாந்தோவாவில் மட்டும் கடிதம் போட்டுக்கொண்டிருந்தால் பாதிதான் கிடைக்கும். 2009-இல் பெர்கமோவின் ஆயராக நியமிக்கப்பட்ட பிரான்செஸ்கோ பெஸ்கியும் பிரேஷாவில் பிறந்தவர்தான்.

ஏடு கையில் கிடைத்தபின் படிப்பது தனிப் பாடு. 7 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சிறிதாக எழுத்துகள் இருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், பெருக்கல் குறி மாதிரி ரோமன் பத்து போட்டிருந்தால் டிசம்பர். தகப்பன் பெயருக்கு முன் ‘தி’ என்று இருந்தால் அவர் உயிரோடு இருக்கிறார், ‘ஃபு’ என்று இருந்தால் காலமானவர். ஓரெழுத்தைப் பார்த்தே இறப்பை எந்த ஆண்டுக்கு முன் தேடுவது என்று தெரிந்துவிடும். பிளாரன்சில் 1750 வரை புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் முக்கால் வரையான தேதிகளுக்கு ஓர் ஆண்டு கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டாமல் விட்டால் அம்மா இறந்து பல மாதம் கழித்துப் பிள்ளை பிறந்ததாகக் கணக்கு வரும்.

நகராட்சிக்கோ பங்குக் கோவிலுக்கோ எழுதும்போது இத்தாலிய மொழியிலேயே எழுதுங்கள், அரைப் பக்கத்துக்கு மேல் போகாமல். பெயர், தகப்பன் பெயர், தோராயமான ஆண்டு; ஐந்து வருடத்துக்கு மேல் இடைவெளி கொடுத்தால் யாரும் புரட்ட மாட்டார்கள். ஒரு கடிதத்தில் ஒரே ஆள். தாந்தேயிலிருந்து தொடங்கும் குடும்ப வரலாற்றை அதில் எழுத வேண்டாம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சான்றுகளுக்கு நகராட்சிகள் 300 யூரோ வரை கட்டணம் கேட்கலாம் என்று 2025 வரவுசெலவுச் சட்டம் அனுமதித்திருக்கிறது. எவ்வளவு என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள், அந்தெனாத்தியில் படம் இலவசமாகக் கிடைக்கிறதா என்றும் அதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். பங்குப் பாதிரியாருக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது, காணிக்கை அனுப்புவது மரியாதை. ஆராய்ச்சியாளரைக் கூலிக்கு வைத்தால், கிடைத்ததை மட்டும் இல்லாமல் எந்தெந்த ஏட்டில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை பார்த்துக் கிடைக்கவில்லை என்ற பட்டியலையும் எழுத்தில் தர வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த ஆள் அதே ஏட்டைப் புரட்டுவதற்கும் நீங்கள்தான் கூலி கொடுப்பீர்கள். ஜூலை கடைசியில் அனுப்பிய கடிதத்துக்குச் செப்டம்பர் நடு வரை பதிலை எதிர்பார்க்காதீர்கள், ஆகஸ்ட் 15 விடுமுறையைச் சுற்றி அலுவலகங்களில் ஆள் இருக்காது. பதில் வராவிட்டால் அக்டோபரில் அதே கடிதத்தை, பழைய தேதியைக் குறிப்பிட்டு, மறுபடி அனுப்புங்கள்.